பிரேக்கைக் கழற்ற மறுத்தவள்

ரம்பக்கா என்ற பெயர் அவளுக்கு ஒட்டிக்கொண்டதற்கு இரண்டு காரணம் சொல்வார்கள். கையில் பிடித்து மரம் அறுக்கும் செயின் மெஷின்களைப் பழுது பார்ப்பவள் என்பது ஒன்று. வாயைத் திறந்தால் எதிரில் நிற்பவனை அறுத்துத் தள்ளிவிடுவாள் என்பது மற்றொன்று. இரண்டாவதுதான் பொருத்தம் என்று அவள் புருஷன் சொல்வான், அவள் காதில் விழாத தூரத்தில் நின்றுகொண்டு.

புருஷன் ஒரு காண்டிராக்டரிடம் மரம் அறுக்கிறவன். கல்யாணமான புதிதில் செத்துப்போன மெஷின் ஒன்றைத் தூக்கிவந்து வீட்டு மூலையில் போட்டான். இடத்தை அடைக்கிறதே என்ற எரிச்சலில் அவள் அதைத் திறந்தாள். அன்று பிடித்த பைத்தியம் விடவே இல்லை. முன்னறை கடையாயிற்று. தெருப்பக்கம் ஒரு கதவு, கொல்லைப்பக்கம் ஒரு கதவு, நடுவில் கிரீஸ் படிந்த மேசை.

மெஷின் கொண்டுவருபவன் முதலில் திட்டு வாங்க வேண்டும், பிறகுதான் ரிப்பேர். ஆயில் கலக்காமல் வெறும் பெட்ரோலை ஊற்றி பிஸ்டனைத் தேய்த்துக்கொண்டு வந்தவனிடம், "நீ எண்ணெய் இல்லாம தாளிப்பியா?" என்பாள். ஏர் ஃபில்டரில் மரத்தூள் அப்பிக்கிடந்தால், அதை எடுத்து அவன் மூக்கருகே நீட்டி, "இப்ப மூச்சு விடு பாப்போம்" என்பாள். செயினில் ஒரு பக்கத்துப் பல்லை மட்டும் அரம் போட்டுவிட்டு, அறுப்பு கோணலாகப் போகிறது என்று மெஷினைக் குறை சொல்பவர்களை அவள் மன்னிப்பதே இல்லை.

அதெல்லாம் போகட்டும். அவளுக்கு உண்மையிலேயே ரத்தம் கொதித்தது பிரேக் விஷயத்தில்தான்.

முன்கைப்பிடிக்கு எதிரே ஒரு தடுப்பு இருக்கும். செயின் சுற்றியோடும் பிளேடின் நுனி மரத்தில் தப்பாக இடித்தால் மெஷின் மேலே எகிறி முகத்துக்கு வரும். அப்போது அந்தத் தடுப்பு கையில் பட்டுச் சாயும், உள்ளேயிருக்கும் இரும்புப்பட்டை இறுக்கிப் பிடிக்கும், கண்ணிமைப்பதற்குள் செயின் நின்றுவிடும். காண்டிராக்டரின் ஆட்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? பிரேக் போட்டிருப்பதையே மறந்து ஆக்சிலேட்டரை அழுத்துவார்கள். பட்டை கருகும், புகை வரும். உடனே, "இந்தச் சனியனாலதான் வேலை கெடுது" என்று பிரேக்கையே கழற்றி எறிந்துவிடுவார்கள். கழற்றியவன் ஆம்பளை, வைத்திருப்பவன் பயந்தாங்கொள்ளி. அந்தக் கூட்டத்தில் இதுதான் சட்டம். சட்டத்தை முதலில் போட்டவனே அவள் புருஷன்தான், வேறு யார்?

போன மழைக்காலத்தில் அந்தக் கூட்டத்தில் 'சீட்டி'க்கு மெஷின் எகிறித் தாடையைக் கிழித்தது. வேலை செய்யும்போது சீட்டியடித்துக்கொண்டே இருப்பவன். இப்போது தண்ணீர் குடித்தாலே ஓரமாக வழிகிறது. ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்துவிட்டு வந்த அன்றே அவள் முடிவெடுத்துவிட்டாள். பிரேக் இல்லாத மெஷின் இனி தன் மேசையிலிருந்து இறங்காது.

காண்டிராக்டர் ஒரு காலையில் எல்லா மெஷின்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். கூடவே அவள் புருஷனும் மற்ற ஆட்களும்.

"கார்புரேட்டர் கழுவணும், செயின் தீட்டணும். இந்த ரெண்டுல இன்னும் பிரேக் இருக்கு, அதையும் கழட்டிரும்மா."

"எல்லாம் செய்றேன் அண்ணே. பிரேக்கை மட்டும் கழட்ட மாட்டேன். கழட்டினதுலயும் மாட்டித்தான் தருவேன்."

"அது சும்மா சும்மா பிடிக்குது."

"உள்ள தூளும் ஆயிலும் கட்டி கெட்டியா கெடக்கு, பிடிக்காம என்ன பண்ணும்? சுத்தம் பண்ணி ஸ்பிரிங் மாத்தினா ஒழுங்கா இருக்கும்."

"இந்தா பாரும்மா, நான் கேக்கறதைச் செய்யற கடை ஊர்ல நிறைய இருக்கு."

"அப்ப அங்க கொண்டு போங்க."

காண்டிராக்டர் அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தார். அவன் அவளைப் பார்த்தான். நீயாவது வாயைத் திறவேன் என்று அவளுக்குத் தொண்டை வரை வந்தது. அவன் குனிந்து மெஷின்களைத் திரும்பவும் வண்டியில் ஏற்ற ஆரம்பித்தான். அவள் கண்ணெதிரே, தன் கையாலேயே ஏற்றினான்.

மாலையில் வந்து சத்தம் போட்டவனும் அவன்தான். "நாலு பேர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டே."

"உங்க மானத்தை நான் வாங்கி என்ன பண்றது? எனக்கு உங்க மூஞ்சி வேணும், இப்ப இருக்கிற மாதிரியே."

அவன் சாப்பிடாமல் படுத்தான். அவள் வயிறாரச் சாப்பிட்டாள், வீம்புக்கு.

அதன்பின் கடையில் ஈ ஓட்டினாள். ஒவ்வொரு நாளும் அவன் வேலைக்குக் கிளம்பும்போது பிரேக் இல்லாத மெஷினை அவன் தோளில் பார்ப்பாள், அவன் தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நிற்பாள். விட்டுக்கொடுத்துவிடலாமா என்று ஒரு தடவைகூட அவளுக்குத் தோன்றவில்லை என்றால் அது பொய். தோன்றியபோதெல்லாம் ஓடாத பழைய மெஷின் ஒன்றை எடுத்து, மறுபடி கழற்றி, மறுபடி பூட்டினாள்.

அப்போதுதான் கொல்லைக் கதவு தட்டப்பட்டது. வந்தவன் 'புலி'. கூட்டத்திலேயே மீசை பெரியவன், பேச்சும் பெரியது. மெஷினைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான்.

"அக்கா, பிரேக் போட்டுக் குடுங்க. வீட்டுல அவ சோறு போட மாட்டேங்கறா. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

மறுநாள் இன்னொருவன். அவனும் கொல்லைப்பக்கம், அவனும் சாக்கு, அவனும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. மெஷினெல்லாம் காண்டிராக்டருடையது, ஆனால் கையும் முகமும் அவரவருடையது அல்லவா? ஒவ்வொருவனாக வந்தான், ஒவ்வொருவனும் தான் ஒருத்தன்தான் கோழை என்று நினைத்துக்கொண்டிருந்தான். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை, அவர்கள் கேட்டபடியே நடந்துகொண்டாள். ஆனால் பட்டையை மாற்றி, ஸ்பிரிங் பூட்டி, ஓடவிட்டுச் சோதித்த பிறகு, ஒவ்வொரு தடுப்புக்கும் பளிச்சென்று ஆரஞ்சு பெயின்ட் அடித்தாள்.

"ஐயோ அக்கா, இது ஒரு மைல் தூரத்துக்குத் தெரியுமே."

"தெரியட்டும்."

பெரிய மரமொன்றை இறக்க எல்லோரும் கூடிய காலையில் சாக்குகள் அவிழ்ந்தன. ஒருத்தன் மெஷினை முதுகுக்குப் பின்னால் மறைத்தான், பக்கத்திலிருந்தவன் துண்டைப் போட்டு மூடினான். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கு பார்த்தாலும் ஆரஞ்சு. புலிதான் முதலில் சிரித்துவிட்டான். காண்டிராக்டர் கத்தினார், இதையெல்லாம் கழற்றிவிட்டு மரத்துக்குப் போங்கள் என்று. ஒருத்தனும் அசையவில்லை. கடைசியில் அவர் ரம்பக்காவின் புருஷன் தோளில் கை போட்டார்.

"இந்தக் கூட்டத்துல நீ ஒருத்தன்தான்யா ஆம்பளை. போ, நீ ஆரம்பி."

அவன் மரத்துக்குப் போகவில்லை. நட்டநடுப் பகலில், தெருவே பார்க்க, முன்வாசல் வழியாகக் கடைக்குள் வந்தான். மெஷினை மேசைமேல் வைத்தான். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னான்.

ரம்பக்கா இத்தனை நாளாக வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள். ஒரு பிடி பிடிக்கலாம் என்று இடுப்பில் கையை வைத்தாள்.

"எனக்குப் பயமா இருக்குடி" என்றான் அவன். "சீட்டிக்கு அடிபட்டதுல இருந்தே. தினமும் கை நடுங்குது."

அவள் கை இடுப்பிலிருந்து இறங்கியது. ஸ்பேனரை எடுத்தாள். கவரைக் கழற்றினாள். மரத்தூளை ஊதித் தள்ளினாள், அது கண்ணில் விழுந்துவிட்டது என்று புறங்கையால் துடைத்துக்கொண்டாள். பிறகு ஸ்பேனரை அவன் கையில் திணித்தாள்.

"நீங்களே மாட்டுங்க. நான் சொல்லித் தர்றேன். மாட்டி முடிச்சதும் அங்க போய், இப்ப என்கிட்ட சொன்னதை அந்தாள்கிட்டயும் சொல்லுங்க."

"எல்லார் முன்னாடியுமா?"

"எல்லார் முன்னாடியும்தான். கையை மட்டும் நடுங்கவிடாம பிடிங்க, ஸ்பிரிங் தெறிச்சிரும்."