மொட்டப்பாறையில் அழித்த படம்

கோகிலவாணிக்குப் புருசன் இல்லை என்று பாப்பாரப்பட்டியில் யாரும் சொல்லமாட்டார்கள். "அதான் பையில போட்டுத் தூக்கிட்டுத் திரியறாளே" என்பார்கள். கட்டியவன் ஓசூரில் இன்னொருத்தியோடு குடித்தனம் போய் வருசக்கணக்காகிறது. பையில் இருப்பது ஒரு பழைய லேப்டாப். பெங்களூர்க் கம்பெனி ஒன்று கழித்துப் போட்டதை ஒரு தொண்டு நிறுவனம் வாங்கி இவள் தலையில் கட்டியது. கீல் உடைந்த மூடி, சைக்கிள் டியூபை வெட்டி மாட்டிய பட்டையில்தான் நிற்கும். விண்டோஸில் அதற்கு மூச்சு வாங்கியது. லினக்ஸைப் போட்டாள், எழுந்து உட்கார்ந்துகொண்டது. காசு வாங்காத மென்பொருள், யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்த்துத் திருத்தலாம் என்று தான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பாள். ஜெராக்ஸ் எடுக்க வந்தவனுக்கு இதெல்லாம் எதற்கு? "சரிங்கக்கா, ரெண்டு பக்கமும் எடுங்க" என்பான்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் அந்தப் பையோடு ஏதாவதொரு மலையூருக்கு ஏறிவிடுவாள். சம்பளமில்லாத சேவை. அதில் ஒன்றான மொட்டப்பாறைக்கு ரோடு கிடையாது, டவர் கிடையாது. ரேசன் அரிசி கழுதை மேல் ஏறும், சீக்காளி தூளியில் இறங்குவான். அங்கே பிள்ளைகளை நிறுத்தி எடை பார்த்து, உயரம் அளந்து, லேப்டாப் கேமராவிலேயே படம் எடுத்து, ஆளுக்கொரு நலவாழ்வு அட்டை போடுவது இவள் வேலை. அட்டை இருந்தால்தான் சத்துமாவு. போனில் யாரையும் படம் பிடிக்கக்கூடாது என்பது நிறுவனத்தின் சட்டம், அதனால் எல்லாப் படமும் அந்த ஒரு பெட்டிக்குள் மட்டும்தான்.

மொட்டப்பாறைக்கு முதல் தடவை போனபோது பாஞ்சாலி தன் நாலு வயது மகள் கலைமதியைத் திருட்டுத்தனமாகத்தான் கூட்டி வந்தாள். அவள் புருசனுக்குப் பெங்களூரில் கட்டட வேலை, வருசத்துக்கு ஒருதரம் வந்தால் உண்டு. இவள் கிடப்பது புருசனின் அண்ணன் மாதப்பன் வீட்டில், சாணி அள்ளுவதிலிருந்து சோறாக்குவது வரைக்கும் ஒண்டியாக. போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும், நம் வீட்டுக்கு வேண்டாம் என்று மாதப்பன் சொல்லியிருந்தான். சத்துமாவு கிடைக்குமே என்று பெற்றவள் மீறிவிட்டாள்.

ஆடி மழையில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. தூளி தூக்க நாலு ஆள் வேண்டும். மாதப்பன் அந்த ஆட்களைச் சாமை மூட்டையோடு சந்தைக்கு அனுப்பினான். "காச்சல்தான, விடிஞ்சா எறங்கிரும்" என்றான். விடிவதற்குள் பிள்ளை போய்விட்டது. இதற்கு ஒரு பழி வேண்டுமே, மனுசன் சும்மா இருப்பானா? பாஞ்சாலி போட்டோ பிடிக்கவிட்டதால்தான் போச்சு என்றான், ஊரும் ஆமாம் போட்டது. தூக்காத ஆளைக் கேட்க நாதியில்லை. பெற்ற வயிறு எரிந்துகொண்டிருந்தவளைத்தான் பிள்ளைமுழுங்கி என்றார்கள். நாக்கில் நரம்பில்லாத ஜனம்.

இரண்டாம் தடவை வாணி ஏறியபோது பாஞ்சாலி ஊருக்கு வெளியே ஊற்றடியில் காத்திருந்தாள்.

"அக்கா, எம்புள்ள படம் இருக்குதுங்களா? அவங்கப்பன் பொணத்தக்கூட பாக்கலீங்க. வேற ஒண்ணும் இல்லீங்க எங்கிட்ட."

வாணி அங்கேயே திறந்து காட்டினாள். பாஞ்சாலி சேலைத் தலைப்பால் திரையைத் துடைத்தாள். துடைத்துவிட்டுப் பார்த்தாள், மறுபடியும் துடைத்தாள்.

"அடுத்த தடவ பெருசா பிரின்ட் போட்டுக் கொண்டாறேன்" என்றாள் வாணி.

ஊருக்குள் போனதும் மாதப்பன் ஆட்களோடு வந்து மேசையை மறித்தான்.

"ஏம்மா, செத்த புள்ள படம் அதுல இருக்கக்கூடாது. எங்க முன்னால அழி. இல்லீனா இவ இன்னிக்கே எங்கூட்ட உட்டுப் போயிரணும்."

பாஞ்சாலிக்குப் போக இடம் ஏது? வாணி அழித்தாள். மாதப்பன் விவரமானவன், கையில் போன் வைத்திருக்கிறவன். "அழிச்சது அதுலயே குப்பைத்தொட்டியில கெடக்குமே, அதையும் எடு" என்றான். அதையும் எடுத்தாள். பாஞ்சாலி சுவர் ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கேட்பதுபோல் அருகில் போய் வாணி சொன்னாள்: "அழுவாத. போவல. எடுத்துத் தர்றேன்."

அது பொய்யில்லை. பெட்டியில் ஒன்றை அழித்தால், வாசலில் எழுதிய பெயரைத்தான் அழிக்கிறோம், ஆள் வீட்டுக்குள்ளேயே இருப்பார். அந்த இடத்தில் வேறெதுவும் ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும். மீட்டெடுக்கவும் லினக்ஸில் இலவசமாகவே வழியுண்டு. ஆனால் பிள்ளைகள் படிக்கக் கலைக்களஞ்சியம் முழுவதையும் போட்டு அந்தப் பெட்டி தொண்டைவரை நிரம்பிக் கிடந்தது. இனி எதை ஏற்றினாலும் அழித்த இடத்தில்தான் போய் உட்காரும். இது வாணிக்கு நன்றாகத் தெரியும்.

"இன்னிக்கு இத்தோட மூடிக்கலாங்க சார்" என்றாள். காரணத்தையும் காதோடு சொன்னாள்.

கூட ஏறி வந்திருந்த நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் அறிவழகன் முகத்தைச் சுளித்தார். "பாதிப் பசங்க நிக்கறாங்க. திரும்ப எவன் ஏறுவான் இந்த மலைய? ஒரு போட்டோவுக்காக கேம்ப்ப நிறுத்துனன்னு மேல நான் எழுதணுமா? வர்ற மாசம் சம்பளத்துக்கு ஆள் எடுக்கறோம், உன் பேரத்தான் சொல்லியிருக்கேன்."

வாணி பாஞ்சாலி நின்ற பக்கமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் படம் ஏதோ ஓரமாகத் தப்பித்துக்கொள்ளும் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள். ஆசை யாரை விட்டது? அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாள்.

வந்து நின்றது யார் தெரியுமா? மாதப்பனின் மகள் தேவிப்பிரியா. போட்டோ பிடித்தால் சாவு என்று ஊரெல்லாம் கத்திய வாய்தான். சத்துமாவு மூட்டை பிரித்ததும் தன் மகளுக்கு ஆயுசு கெட்டியாகிவிட்டது அவனுக்கு. பாப்பாவுக்கு ரெட்டைச்சடை, பவுடர், புதுச்சட்டை. "நல்லா சிரி கண்ணு" என்றான் அப்பன். வாணி படத்தை எடுத்தாள். அப்புறம் வரிசையில் நின்ற அத்தனை பேரையும் எடுத்தாள்.

வீட்டுக்கு வந்து மீட்கும் மென்பொருளை ஓடவிட்டாள். கலைமதியின் படம் வந்தது. தகரக் கூரை, எண்ணெய் வைத்த தலை, நெற்றி, பொட்டு. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். கண்ணும் மூக்கும் வாயும் இருந்த இடத்தில் மற்றப் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். வாணி இன்னொரு மென்பொருளைப் போட்டுப் பார்த்தாள். அதுவும் அதே நெற்றியைத்தான் கொடுத்தது. பாவி, இந்தக் கையாலேயே பண்ணினேனே என்று அழுதாள். அழுது என்ன பண்ண? அடுத்த மாசம் அந்தச் சம்பள வேலை அறிவழகனின் மச்சினிக்குப் போனது.

நெற்றியை மட்டும் பிரின்ட் போட்டு எடுத்துக்கொண்டு மூன்றாம் தடவை ஏறினாள். பாஞ்சாலி சாணிக்கூடையை இறக்கி வைத்து, கையைக் கழுவி, புடவையில் துடைத்துவிட்டு வாங்கினாள். பார்த்தாள். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"மீதி எங்கீங்கக்கா?"

வாணி மறைக்கவில்லை. "நான் அன்னிக்கே பொட்டிய மூடியிருக்கணும் பாஞ்சாலி. மூடல. அதுக்கப்பறம் எடுத்த புள்ளைங்க படம் இது மேல ஏறிருச்சு. தப்பு என்னுதுதான்."

"மொதல்ல ஏறுனது யாருங்க?"

"உங்கூட்டுப் புள்ளதான். தேவிப்பிரியா."

பாஞ்சாலி அந்தப் பொட்டை விரலால் ஒருதரம் தொட்டாள். பிறகு தாளை வாணியின் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"அன்னிக்கி அவளுக்குத் தல சீவி, பவுடர் போட்டு உட்டதே நாந்தாங்கக்கா" என்றாள். உள்ளேயிருந்து மாதப்பன் குரல் கொடுத்தான். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.