அக்கா வீட்டுக் காலித் தொட்டி

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அக்காவின் தம்பியுடைய வணக்கம். அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இத்தகைய மலர்களில் என்னென்ன எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசு அலுவலகத்தில் இருந்தவன். எந்தப் பாரத்தில் எந்தக் கட்டத்தை எப்படி நிரப்புவது என்பதைத் தவிர வேறு கலை எனக்குக் கைவரவில்லை. பிறந்த ஊர், பட்ட கஷ்டம், நற்குணம், இறுதி நாட்கள், நன்றி. எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். நடுவில் ஒரு கட்டம் மட்டும் நாற்பது ஆண்டுகளாகக் காலியாகவே கிடக்கிறது. அக்கா இருக்கும்போதே அதை நிரப்பியிருக்க வேண்டும்.

அக்கா பிறந்தது ஈப்போ பக்கம் லகாட்டைத் தாண்டி உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தின் தொழிலாளர் லயத்தில். எனக்குப் பதினொரு வயது மூத்தவர். நான் தவழும் பருவத்தில் அம்மா காலமானார். அக்கா படிப்பை நிறுத்திவிட்டு அப்பாவோடு பால்வெட்டுக்குப் போனார். என்னைத் தமிழ்ப் பள்ளிக்கும், பிறகு ஈப்போவில் ஆங்கிலப் பள்ளிக்கும் அனுப்பியது அந்தக் கைதான்.

பால்வெட்டில் ஒரு வழக்கம் உண்டு. முதல் நாள் வெட்டிய கோட்டில் மிச்சப் பால் காய்ந்து, நாடா போல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு ஒட்டுப்பால் என்று பெயர். அதை உரித்து இடுப்புப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் அந்த மரத்தில் புதிதாகக் கத்தி வைக்க வேண்டும். மண்ணில் சிந்தி உறைந்ததையும் பொறுக்க வேண்டும். இருபது வருடங்களுக்கு மேல் தினம் சில நூறு மரங்களிடம் இதையே செய்தவருக்கு, ஒரு பொருளை வீசுவது என்றால் என்னவென்று விளங்காமல் போனதில் வியப்பில்லை. அவரிடம் குப்பை என்று ஒன்று கிடையாது. அடுத்த வேலைக்குக் காத்திருக்கும் சாமான்தான் உண்டு.

திருமணமாகி மகள் செல்வி பிறந்த மறு ஆண்டே அத்தான் நோயில் இறந்தார். அப்பா அதற்கு முன்பே காலமாகியிருந்தார். அடுத்து தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். எழுபதுகளின் பிற்பாதியில் லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது, அக்காவும் மூன்று வயதுச் செல்வியும் ஒரு பிரம்புக் கூடையோடும் ஒரு தகரப் பெட்டியோடும் வெளியே வந்தார்கள். நான் அப்போது அரசாங்க மலிவு வீடுகளைக் கவனிக்கும் ஒரு பிரிவில் குமாஸ்தா. முறைப்படி விண்ணப்பித்து, முறைப்படி காத்திருந்து, ஈப்போவை ஒட்டிய சிலிபின் பக்கம் ஒரு வீடு கிடைத்தது. நான் யாரிடமும் சிபாரிசு கேட்கவில்லை என்பதை அன்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். இன்றும் சொல்லிக்கொள்கிறேன்.

அக்கா ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலைக்குச் சேர்ந்தார். காலையில் செல்வியை அழைத்துக்கொண்டு கிளம்பினால் பிற்பகலில்தான் திரும்புவார். வீடு தோட்டத்துச் சட்டப்படியே நடந்தது. எண்ணெய்க்குக் கடைக்குப் போத்தல் போகும். மீனுக்கு மூடி போட்ட மங்குப் பாத்திரம் போகும். வெளியே காப்பி வாங்கினால், கயிறு கட்டிய பிளாஸ்டிக் பையில் ஊற்றித் தருவது அப்போது நாகரிகம். அக்கா பால் டின்னில் கம்பிக் காது வைத்துக் கொண்டுபோவார். மாவுச் சாக்கு தலையணை உறையாகும். உறை நைந்தால் கைப்பிடித் துணி. அதுவும் நைந்தால் அடுப்பு பற்றவைக்க. அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும் பாத்திரம் துலக்கும். காய்த்தோலும் மீன்முள்ளும் கொல்லை வாழை மூட்டில் குழிக்குள் போகும்.

எனக்குச் சற்று வெட்கம்தான்.

“அக்கா, கடைக்காரன்தான் சும்மா பை கொடுக்குறானே. நீ இன்னும் பாசாருக்குக் கூடையத் தூக்கிட்டுப் போறியே?”

“கூடை இன்னும் பிய்யலையே தம்பி. பிஞ்சா சொல்றேன்லா.”

கடைசி வரை சொல்லவில்லை.

இனி அந்தக் கட்டத்துக்கு வருகிறேன். மலிவு வீட்டை வாங்கியவர் அதில் குடியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பலர் பூட்டிப் போட்டார்கள், சிலர் வாடகைக்கு விட்டார்கள். வீடு வீடாகப் போய்ப் பார்க்க ஆள் போதாது. எண்பதுகளின் தொடக்கத்தில் என் பிரிவில் ஒருவருக்கு அபாரமான யோசனை ஒன்று உதித்தது. ஆள் இருக்கும் வீட்டில் குப்பை இருக்கும். ஆகவே குப்பை லோரியின் மேற்பார்வையாளரான மண்டோரிடம் ஒரு பாரத்தைக் கொடுத்து, எந்த வீட்டுத் தொட்டியில் குப்பை இருக்கிறது, எதில் இல்லை என்று குறிக்கச் சொன்னால் போதும். தொடர்ந்து எட்டு முறை காலியாக இருந்தால், ஆளில்லா வீடு என்று கொண்டு நோட்டீஸ் போகும். பதினான்கு நாளில் பதில் வராவிட்டால் வீட்டைத் திரும்ப எடுக்கும் வேலை தொடங்கும். மேலதிகாரி யோசனைக்காரரின் முதுகில் தட்டிக்கொடுத்தார். நோட்டீஸைத் தட்டச்சு செய்து, ஸ்டென்சில் எடுத்து, அதிலேயே ஒரு முறை கையெழுத்தும் போட்டாயிற்று. வீட்டு எண்ணை மட்டும் பிறகு நிரப்பிக்கொள்வார்கள். எத்தனை நூறு தாள் என்றாலும் ஒரே கையெழுத்து. மிகச் சிக்கனமான முறை.

ஒரு நாள் மாலை அக்கா வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். சாமி படத்துக்குப் பக்கத்தில், விபூதித் தட்டின் அடியில், மடித்த கடிதத் தாள் ஒன்று தெரிந்தது.

“என்னக்கா அது?”

“சூராட்டு தம்பி. வந்து பத்து நாளாச்சு. மலாய்ல இருக்கு, எனக்குப் படிக்கத் தெரியல. அடியில பார்த்தா உன் கையெழுத்து. நீ அனுப்பினது நல்ல சேதியாத்தான் இருக்கும், வரும்போது நீயே சொல்வேன்னு சாமிகிட்ட வச்சுட்டேன்.”

செல்வி அப்போது முதலாம் வகுப்பு. அவளுக்கும் படிக்கத் தெரியாது. பள்ளி நாட்களில் நான் லயத்துச் சுவரில் கரிக்கட்டையால் கையெழுத்துப் போட்டுப் பழகியதை அக்கா பார்த்திருக்கிறார். தமிழைத் தவிர அவர் படிக்கத் தெரிந்துகொண்டது என் கையெழுத்தை மட்டும்தான்.

தாளில் அக்காவின் வீட்டு எண் இருந்தது. இன்னும் நான்கு நாள் இருந்தது.

“எங்க ஆபீஸ் தாள்தான்க்கா. எல்லாருக்கும் வர்றதுதான். நீ இந்த வீட்டுல இருக்கியான்னு கேட்டிருக்காங்க.”

“அத கேக்க சூராட்டு எதுக்கு? வந்து கதவத் தட்டினா தெரியுமே.”

“பகல்ல நீ கேன்டீன்ல இருக்கே.”

“அப்ப சாயங்காலம் வரச் சொல்லு.” தாளை மறுபடி பார்த்தார். “இது உன் கையெழுத்துதானே?”

“அதே மாதிரி இருக்கும். ஆபீஸ்ல எல்லாரும் ஒரே மாதிரிதான் போடுவாங்க.”

படித்தவன் சொன்ன பொய்களில் இதைவிட மட்டமான ஒன்றை நான் கேட்டதில்லை.

மறுநாள் காலை மண்டோர் மாரிமுத்து அண்ணனைப் பிடித்தேன். அவரும் பழைய தோட்டத்து ஆள்தான், அக்காவை நன்றாகத் தெரியும்.

“ஏண்ணே, அந்த வீட்டுல ஆள் இருக்குன்னு தெரியாதா?”

“தெரியாம என்ன? குப்பை நாளுன்னா விடியறப்பவே உங்க அக்கா தோங்கு தொட்டியக் கழுவி வெளிய வச்சிடும். உள்ள முகம் பார்க்கலாம். எங்களுக்குக் காப்பி கூடக் கொடுக்கும்லா.”

“அப்புறம் எப்படி ‘இல்லை’ன்னு குறிச்சீங்க?”

“சார், பாரத்துல ரெண்டு கட்டந்தானே இருக்கு? குப்பை இருக்கு, குப்பை இல்லை. அக்கா இருக்குன்னு எந்தக் கட்டத்துல எழுதுறது?”

அந்தக் கட்டங்களை அளவுகோல் வைத்துக் கோடு போட்டு வரைந்தது யார் என்பதை அவர் கேட்கவில்லை.

முறைப்படி நான் செய்ய வேண்டியவை இரண்டு. அவர் என் அக்கா என்று எழுத்தில் தெரிவிப்பது. அக்காவின் பெயரில் மேல்முறையீடு எழுதுவது. இரண்டையும் அன்றே செய்தேன். நேரில் பார்க்க அடுத்த வாரம் ஓர் அதிகாரி வருவதாக முடிவாயிற்று. அதோடு நிறுத்தியிருக்கலாம். பயம் விடவில்லை. அதிகாரி வருமுன் பாரத்தில் ஒரு முறையாவது ‘இருக்கு’ என்று விழ வேண்டும் என்று தோன்றியது. என் வீட்டுக் குப்பையை இரண்டு பைகளில் கட்டி, மோட்டார் சைக்கிளில் தொங்கவிட்டு, ஈப்போவிலிருந்து சிலிபினுக்குக் கொண்டுபோனேன். அரசு ஊழியன் ஒருவன் குப்பையைக் கடத்தியது பேராக் மாநிலத்தில் அதுவே முதல் முறையாக இருக்கலாம்.

“அக்கா, இத அப்படியே தோங்குல விட்டுடு. எடுக்காத.”

“ஏன்டா?”

“ஏன்னு கேக்காதக்கா. விட்டுடு, அவ்வளவுதான்.”

குப்பை நாள் கழிந்து போய்ப் பார்த்தேன். துணிக்கொடியில் என் வீட்டுப் பிளாஸ்டிக் பைகள் கழுவி வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. என் சாஸ் போத்தல்களில் தேங்காயெண்ணெய் இருந்தது. முழங்கையில் கிழிந்த என் சட்டை, செல்வியின் புத்தகப் பையாகி ஆணியில் தொங்கியது. முட்டை ஓடு வாழைக்குப் போயிருந்தது. தொட்டி பளபளத்தது.

“விடத்தான் பார்த்தேன் தம்பி. மனசு கேக்கல. உங்க வீட்ல என்ன இப்படி நல்ல சாமானெல்லாம் வீசுறீங்க? உன் பொண்டாட்டிகிட்ட நான் சொன்னேன்னு சொல்லிடாத, கோச்சுக்கும்.”

அன்றைய பாரத்திலும் ‘இல்லை’ என்றே விழுந்தது. எட்டுக்குப் பிறகும் இன்னொன்று.

அதிகாரி ஒரு பிற்பகல் வந்தார். மலாய்க்காரர், பொறுமையான மனிதர். உறவினன் என்பதால் வாய் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு நான் வாசலில் நின்றேன். அக்காவுக்குத் தெரிந்தது சந்தையில் பேசும் பாசார் மலாய். பேச்சு அதில்தான் நடந்தது. அவர் அக்காவை ‘கக்’ என்றார், மலாயிலும் அக்காதான்; அக்கா அவரை ‘துவான்’, அதாவது ஐயா, என்றார்.

“கக், உங்கள் வீட்டுக் குப்பை எங்கே?”

“எந்தக் குப்பை துவான்?”

“தினமும் வீசுவீர்களே, அது.”

அக்கா யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். கேட்டவர் பெரியவர், இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது என்று தேடிப் பார்க்கிறவரைப் போல இருந்தது. பிறகு அவரைக் கொல்லைக்கு அழைத்துப் போனார். வாழை மூட்டு, சாம்பல் டின், போத்தல் வரிசை, பேப்பர் வாங்கும் சீனருக்காகக் கட்டி வைத்த கட்டு, நாரும் சிரட்டையும் வைத்த சாக்கு. ஒவ்வொன்றும் இனி எங்கே போகும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அதிகாரி முதலில் குறிப்பெழுதினார். பாதியில் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

“என் மனைவியை இங்கே ஒரு வாரம் விட்டுவைக்க வேண்டும்,” என்றார். கோப்பில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்டார். “முடிந்தது கக். வீடு உங்களுடையது. அந்த நோட்டீஸ் செல்லாது.”

“அப்ப இந்தத் தாள் வேண்டாமா துவான்?”

“வேண்டாம்.”

அக்கா அடுப்படிக்குப் போனார். கொல்லை வாழைப்பழத்தைப் பொரித்து வைத்திருந்தார். சுடச்சுட நான்கை அந்த நோட்டீஸிலேயே கூம்பாக மடித்து அதிகாரியின் கையில் கொடுத்தார். அவர் வாசல் படலையைத் தாண்டும்போது, எண்ணெய் ஊறி என் கையெழுத்து மறைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தின்றுகொண்டே போனார்.

அடுத்த மாதம் பாரத்தில் மூன்றாவது கட்டம் ஒன்று சேர்த்தேன்: ‘தொட்டி சுத்தமாக வெளியே வைக்கப்பட்டுள்ளது.’ முதுகில் யாரும் தட்டவில்லை. சில வாரம் கழித்து எனக்குச் சோறு போட்டுக்கொண்டே அக்கா சொன்னார்:

“பாரத்துல இன்னொரு கட்டம் போட்டாச்சாமே. மாரிமுத்து அண்ணே சொன்னாரு.”

“ஆமாக்கா. ஆபீஸ்ல போட்டாங்க.”

“ஆபீஸ்லயும் நல்லவங்க இருக்காங்க,” என்று சொல்லிவிட்டு, எனக்கு இன்னொரு கரண்டி கீரை வைத்தார்.

அன்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பின் வந்த நாற்பது ஆண்டுகளில் எந்த நாளும் சொல்லியிருக்கலாம். அந்த யோசனைக்காரன் நான்தான். அது என் கையெழுத்துதான். அக்காவுக்கு முதல் நாளே தெரிந்திருந்தது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும், தம்பி தலைகுனியக் கூடாது என்று கேட்காமல் விட்டார். அவர் எதையும் வீசாதவர். என் பொய்யையும் வீசாமல் பத்திரமாக வைத்துக்கொண்டார். காலியாக இருந்த கட்டம் இதுதான். இப்போது நிரப்பிவிட்டேன். தாமதத்துக்கு எந்த விளக்கக் கடிதமும் இல்லை.

செல்வி படித்து ஆசிரியையானதும், பேரப்பிள்ளைகள் வந்ததும் நீங்கள் அறிந்ததே. அக்கா கடைசி வரை அதே வீட்டில் இருந்தார். மருத்துவமனையில் இருந்த இரண்டு வாரமும், மருந்து வந்த சின்னப் போத்தல்களைக் கழுவித் தரச் சொல்லித் தாதியரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். துன்பமில்லாமல், ஒரு விடியற்காலையில் போனார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு இருநூறு பேருக்கு மேல் வந்தீர்கள். அவசரத்தில் போலிஸ்டைரின் தட்டு, பிளாஸ்டிக் குவளை, தண்ணீர் போத்தல் என்று நாங்களே வாங்கிக் குவித்தோம். மாலையில் தொட்டி நிரம்பி, மூடி நிற்காமல், சுற்றிலும் ஒன்பது கறுப்புப் பைகள். நான் போட்ட முதல் பாரத்தின்படி, அந்த வீட்டில் ஆள் இருந்தது அன்று ஒரு நாள்தான்.

மருத்துவமனையில் முறைவைத்துத் துணையிருந்த உறவினருக்கும், எங்களுக்குச் சோறு சமைத்தனுப்பிய பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பத்துக்கும், தோள் கொடுத்த பழைய தோட்டத்து மக்களுக்கும், மாரிமுத்து அண்ணனின் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்த ஆண்டுத் திதிக்கு வாழை இலை போடுகிறோம். இலை அக்கா கொல்லையிலிருந்தே வருகிறது. குவளைகள் கோயிலிலிருந்து இரவல். சாப்பாடு மிஞ்சினால் கொண்டுபோக ஆளுக்கொரு மங்கு எடுத்து வாருங்கள்.

திதிக்கு மறுநாள் குப்பை நாள். விடியும் முன்னே எழுந்து தொட்டியைக் கழுவி, நானே வெளியே வைப்பேன்.