டீவிக்குப் பூசின சவக்காரம்

இலங்கை கிரிக்கெட் கப் தூக்கின வருசம்தான் மாரிமுத்து எங்க தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு டீவி கொண்டுவந்தான். அதுவரைக்கும் வெள்ளிக்கிழமை சாயந்தரம் எல்லாரும் என் வாசலுக்கு, நான் சொல்ற மோகினிக் கதை கேட்க வருவாங்க.

அந்த வாரம் டீவிப் பேய் நாடகத்தில் ரத்தம் குடிக்கிற அட்டை மனுசன் வந்தான். கூட்டம் பூரா அங்கே. நானும் பின்னால நின்னேன்.

அவன் ஊர்ந்து வந்ததும் கொழுந்து பறிக்கிற ராமாயி, மலையில் அட்டை கடிக்காம காலில் பூசுற சவக்காரக் கட்டியை எடுத்து டீவிக் கண்ணாடியில் தேய்ச்சுட்டா. என் மோகினிக்கு அவ கொட்டாவிதான் விட்டிருக்கா.

இன்னிக்கு ஓப்பநாயக்க போற பஸ்ஸில் அவளைப் பார்த்தேன்.

"என் மோகினி ஞாபகம் இருக்கா?"

"எந்த மோகினிண்ணே? அந்த அட்டைப் பய இன்னும் கனவுல வாரான்."

மருமகளே, இதையும் உன் போன்ல எழுதிப் போடு. படிக்கிறவங்கள்ல என் மோகினிக்குப் பயந்தவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க. என் கதை கேட்டவங்கள்ல எனக்குத் தெரிஞ்சு உசிரோட இருக்கிறது ராமாயி ஒருத்திதான்.