முட்டையில் பதிந்த இலை

எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் பெரியம்மா முதலில் அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். பால் பாக்கெட், மருந்துக் குப்பி, புதுப் புடவை, யாராவது கொண்டுவந்து நீட்டும் கல்யாணப் பத்திரிகை, எதுவும் தப்பாது. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தச் சான்றிதழைக் கையில் கொடுத்தபோதும் ஜன்னலோரம் போய் நின்று முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான், "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அவருக்கு மொத்த வியாபார முட்டைக் கிடங்கு ஒன்றில் வேலை. ஜன்னலில்லாத சின்ன அறை, நடுவில் ஒரு மரப்பெட்டி, பெட்டிக்குள் எரியும் பல்பு, மேல்புறத்தில் முட்டை உட்காருகிற அளவுக்கு ஒரு துளை. முட்டையைத் துளையில் வைத்து விரலால் ஒரு திருப்பு திருப்பினால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். மயிரிழை விரிசல், ரத்தப் புள்ளி, பழசாகிப் பெருத்துப் போன காற்றறை. நல்லது வலப்பக்க அட்டைக்குப் போகும், மற்றது இடப்பக்கத்துக்கு. "சந்தேகம்னு தோணிட்டா அதுக்கு மேல யோசிக்காதே. எடுத்து அந்தப் பக்கம் வை" என்று புதிதாகச் சேருகிறவர்களிடம் சொல்வாராம். கிடங்கில் அவருக்கு லைட்டக்கா என்று பேர். முட்டைக்கு அது நல்ல விதிதான். மனிதர்களுக்கும் அவர் அதையே வைத்திருந்தார்.

அவர் என் அம்மாவின் அக்கா. கல்லூரிக் காலம் முழுக்க அவர் வீட்டில்தான் தங்கிப் படித்தேன். அவருடைய மகன்கள் இருவரும் வேலைக்காக வெளியே போயிருந்தார்கள். வீட்டில் பெரியப்பா, பெரியம்மா, நான். அதே தெருவில் பெரியப்பாவின் தம்பி குடும்பம் இருந்தது. தம்பி மனைவியை, பெரியம்மாவின் ஓரகத்தியை, நானும் சித்தி என்றே கூப்பிடுவேன். சித்தி வேறு மதத்தில் பிறந்தவர். காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டு, ஞானஸ்நானம் வாங்கி இந்தக் குடும்பத்துக்குள் வந்தவர். வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும், பெரியம்மா கணக்கில் அவர் இன்னும் பெட்டி மேல் வைத்துப் பார்த்து முடிக்காத முட்டைதான்.

ஈஸ்டருக்கு தேவாலயத்துக் குழந்தைகளுக்குச் சாயமிட்ட முட்டை கொடுப்பது சித்தியின் பொறுப்பு. வெங்காயச் சருகைச் சேர்த்து வைத்துக் கொதிக்கவிட்டு, அந்தச் செந்நிறத் தண்ணீரில் முட்டைகளை வேகவைப்பார். அதற்கு முன் ஒவ்வொரு முட்டையிலும் சின்னதாக ஒரு கொத்தமல்லி இலையை ஒட்டி, மெல்லிய பழைய துணியால் இறுக்கிக் கட்டிவிடுவார். வெந்த பிறகு துணியை அவிழ்த்தால், இலை இருந்த இடம் மட்டும் வெளுத்து, நரம்பு நரம்பாகத் தெரியும். குழந்தைகள் உடைக்க மனசில்லாமல் வைத்திருந்து நாற அடிப்பார்கள்.

இதைச் செய்வதைப் பெரியம்மா ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஈஸ்டர் வாரம்தான் கிடங்கில் வேலை தலைக்கு மேல் போகிற வாரம். இருட்டோடு போய் இருட்டோடு வருவார். கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்த வாரத்தில் அவர் பகலில் வீட்டில் இருந்ததே கிடையாது.

நான் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது கிடங்கு டிரைவர் ஒருவர் பெரியம்மாவின் போனுக்கு ஒரு வீடியோ அனுப்பினார். ஈஸ்டர் என்பதே பழங்காலத்துப் பெண் தெய்வம் ஒன்றின் பெயர், முட்டை அவளுடைய சின்னம், கிறிஸ்தவர்களுக்குத் தெரியாமலே அவளைக் கும்பிட வைக்கிறார்கள் என்று ஒரு குரல் பயமுறுத்தும் இசையோடு சொன்னது. பெரியம்மா அதை மூன்று தடவை போட்டுப் பார்த்தார். பிறகு அலமாரியிலிருந்து போன வருஷத்து முட்டை ஓடு ஒன்றை எடுத்து வந்து மேஜையில் வைத்தார்.

"இது என்ன தெரியுதா?"

"இலை, பெரியம்மா."

"இலையா இது? நல்லா பாரு. நடுவுல தண்டு, ரெண்டு பக்கமும் கை மாதிரி. ஏன் எல்லா முட்டையிலயும் இதே போடறா? அவ பிறந்த வீட்டுல எதைக் கும்பிட்டாளோ அதை நம்ம பிள்ளைங்க கையில குடுக்கறா. ஆள்தான் மாறி வந்திருக்கா, மத்ததெல்லாம் கூடவே கொண்டுவந்துட்டா."

"கொத்தமல்லி எப்படி சாமியாகும்?"

"நீ படிச்ச பொண்ணு. தேடிப் பார்த்துச் சொல்லு."

தேடினேன். கல்லூரி நூலகத்திலும் இணையத்திலும் நாலைந்து நாள் உட்கார்ந்தேன். கிடைத்தது இவ்வளவுதான். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன் ஒரு துறவி, தன் நாட்டு மாதப் பெயர்களை விளக்கும்போது அப்படி ஒரு பெண் தெய்வம் இருந்ததாக ஓரிரு வரி எழுதியிருக்கிறார். அவரைத் தவிர அந்தக் காலத்தில் வேறு யாரும் அவளைப் பற்றி எழுதியதாகத் தெரியவில்லை. அவரும் முட்டையைப் பற்றி மூச்சுவிடவில்லை. முட்டையையும் அவளையும் முடிச்சுப் போட்டது ஆயிரம் வருஷத்துக்குப் பின் வந்த அறிஞர்களின் ஊகம். நிறைய மொழிகளில் அந்தத் திருநாளுக்கு யூதர்களின் பாஸ்கா பண்டிகையிலிருந்து வந்த பெயர்தான், தெய்வத்தின் பெயர் அல்ல. முட்டைக்கு வேறொரு சாதாரணக் காரணமும் சொல்கிறார்கள்: அந்த நாட்களில் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் முழுக்க முட்டை சாப்பிடத் தடை, ஆனால் கோழிகள் தவக்காலம் அனுசரிப்பதில்லை. சேர்ந்துபோன முட்டையெல்லாம் திருநாளன்று பந்திக்கு வந்தது.

எனக்கு அந்த விளக்கம் பிடித்திருந்தது. பிடித்திருந்ததாலேயே அதன் மேலும் சந்தேகம் வந்தது. வசந்த காலத்தில் முட்டையைக் கொண்டாடிய மக்கள் முன்பும் எங்கேயாவது இருந்திருக்கலாமே? ஆதாரம் கிடைக்காத ஒன்றை நடக்கவே இல்லை என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? ஆகவே பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "அந்தத் தெய்வத்துக்கும் முட்டைக்கும் ஆதாரம் இல்லை. ஆனா பழைய வழக்கம் எதுவுமே கலக்கலைன்னு சத்தியம் பண்ணியும் சொல்ல முடியாது" என்று முடித்தேன்.

"அப்ப கலந்திருக்கலாம்."

"அப்படிச் சொல்லலை பெரியம்மா..."

"கலக்கலைன்னு சொல்ல முடியாதுன்னு உன் வாயாலதானே சொன்னே? போதும்."

அத்தனை பேச்சிலும் அந்த ஒரு வரியை மட்டும் பொறுக்கிக்கொண்டு மறுநாள் எங்கள் தேவாலயத்துப் பங்குச் சாமியாரிடம் போனார். சாமியார் சண்டை என்றாலே காத தூரம் ஓடுகிறவர். "எதுக்கும்மா வம்பு, இந்த வருஷம் சாக்லேட் குடுத்துடலாம்" என்று சொல்லிவிட்டார். அதைச் சித்தியிடம் சொல்வதற்கு மட்டும் யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

ஈஸ்டர் அன்று காலைப் பூசை முடிந்து சித்தி கூடையோடு தேவாலய மண்டபத்துக்கு வந்தார். அங்கே பெண்கள் சங்கத்தார் சாக்லேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தேன். பெரியம்மா ஒரு மணி நேரம் விடுப்புச் சொல்லி நேரே கிடங்கிலிருந்து வந்திருந்தார்.

"முட்டை வேண்டாமாம்" என்றார் சங்கச் செயலாளர், கண்ணைப் பார்க்காமல்.

"ஏன், கெட்டுப் போச்சா?"

"அதுல இருக்கற அடையாளம் என்னன்னு உனக்கே தெரியும்" என்றார் பெரியம்மா.

சித்திக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கூடையைக் கீழே வைத்தார். "அக்கா, இது நம்ம அத்தை சொல்லிக் குடுத்தது. சருகு சேர்க்கறதுல இருந்து துணி கட்டறது வரைக்கும் அவங்கதான் பக்கத்துல உக்கார வச்சுக் கத்துக் குடுத்தாங்க."

அத்தை என்றால் இருவருக்கும் மாமியார். இறந்து பல வருஷமாகிவிட்டது.

"பொய் சொல்லாதே. செத்தவங்க வந்து சாட்சி சொல்ல மாட்டாங்கன்னு தைரியமா? மூத்த மருமக நான். எனக்குச் சொல்லிக் குடுக்காததை உனக்குக் குடுத்தாங்களா?"

மண்டபமே நிமிர்ந்து பார்த்தது. பெரியம்மா கூடையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து, பழக்க தோஷத்தில் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். வெந்த முட்டைக்குள் வெளிச்சம் போகாது. அதைத் திருப்பிக் கூடையில் வைத்துவிட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். சித்தி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார், பிறகு கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் பூசைக்கு வேறு தேவாலயத்துக்குப் போகத் தொடங்கினார். பெண்கள் சங்கத்தில் அவர் பெயரை யாரும் எடுப்பதில்லை. இருபது வருஷமாகக் கூடப் பாடினவர்கள் தெருவில் பார்த்தால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த வருஷம் பெரியம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. வெளிச்சத்தையே பார்த்துப் பார்த்துக் கெட்டது என்று அவர் சொன்னார், வயசுதான் காரணம் என்று டாக்டர் சொன்னார். பெரியம்மா டாக்டரை நம்பவில்லை. எப்படியோ, முதல்முறையாக ஈஸ்டர் வாரத்தில் பகலில் வீட்டில் இருந்தார். எனக்கு வேலை கிடைத்திருந்தது. விடுமுறைக்கு வந்து அவருக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தேன். சமையலறையில் பெரியப்பா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சருகைக் குப்பையில் போடப் போனவர் நின்றார்.

"இந்த வாரத்துல இதைக் கீழ போடவே கை வரலை. அம்மா சாக்குல கட்டி வைப்பாங்க."

"எதுக்கு?" என்றார் பெரியம்மா, ஒரு கண்ணில் கட்டோடு.

"முட்டைச் சாயத்துக்குத்தான். என் தம்பி பொண்டாட்டியை உக்கார வச்சு இலை கட்டச் சொல்லுவாங்களே. நீ வேலைக்குப் போயிருப்பே. அவளுக்குக் கல்யாணமான புதுசு, வீட்டுல யாரும் பேச மாட்டாங்க. அம்மா மட்டும் பேசுவாங்க."

பெரியம்மா தட்டித் தடவிச் சமையலறை வாசலுக்கு வந்தார்.

"இதை ஏன் இவ்வளவு நாள் சொல்லலை?"

"நீ கேக்கலையே."

"மண்டபத்துல அத்தனை கூத்து நடந்துச்சே, அப்பவாவது..."

"அப்ப வாயைத் திறந்திருந்தா என்னையும் பெட்டி மேல வச்சுத் திருப்பிப் பார்த்திருப்பே. எனக்கு என்ன தலையெழுத்தா?"

பெரியம்மா அடங்கவில்லை. "சரி, உங்க அம்மா எங்க கத்துக்கிட்டாங்க?"

"அவங்க அம்மாகிட்ட."

"அவங்க?"

"அவங்க அம்மாகிட்ட. வேணும்னா போய்க் கேட்டுட்டு வா, ஆனா திரும்பி வர முடியாது."

பெரியம்மா ரெண்டு நாள் மாமியார் மேலேயே சந்தேகப்பட்டுப் பார்த்தார். மாமியாரின் பழைய போட்டோ ஒன்றை ஜன்னலோரம் எடுத்துக்கொண்டு போனார். அது எடுபடவில்லை. மூன்றாம் நாள் மருந்து விட்டுக்கொண்டிருக்கும்போது, இமையைத் திறந்து பிடித்திருந்த என் கைக்குக் கீழே, "நான் அவளைப் பொய்க்காரின்னு சொன்னேன்ல" என்றார்.

"ஆமா பெரியம்மா."

"அதை நான்தான் திருப்பி எடுக்கணும். எங்க சொன்னேனோ அங்க."

ஒருமுறை சித்தி வீட்டுக்குக் கிளம்பியும் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"என்ன ஆச்சு?"

"வாசல்ல நாலு ஜோடி செருப்பு கிடக்கு. யாரையோ கூட்டி வச்சுப் பேசறா. என்னைப் பத்தித்தான் இருக்கும்."

"சித்தி தையல் சொல்லிக் குடுக்கறாங்க. அந்தப் பிள்ளைங்க செருப்பா இருக்கும்."

"இருக்கும். இல்லாமலும் இருக்கும்."

அப்புறம் கண் ஆறட்டும் என்றார். ஆறியதும் கிடங்கில் ஆள் குறைவு என்றார். அடுத்த ஈஸ்டருக்குள் மண்டபத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவதாகச் சொன்னார். அந்த மழைக்காலத்தில் கிடங்கிலிருந்து வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டதாம்.

சித்தி வந்தார். முதல் ஆளாக வந்து, பெரியம்மாவைக் குளிப்பாட்டி, தலை வாரி, புடவை கட்டிவிட்டார். சங்கத்துப் பெண்கள் கூடத்தில் உட்கார்ந்து பாடினார்கள், சித்தி அவர்களோடு உட்காரவில்லை. அடக்கம் முடிந்ததும் நான் செயலாளரைத் தனியாகப் பிடித்து, முட்டை விஷயத்தில் சித்தி சொன்னது உண்மைதான், பெரியப்பாவே சொன்னார் என்றேன்.

"அப்படியா? அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு" என்றார் அவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எதுக்கும் சாக்லேட்டே இருக்கட்டும். நெட்டுல இன்னும் என்னென்னமோ போடறாங்க" என்றார்.

எல்லாரும் போன பிறகு சித்தி அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அக்கா என்னைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?" என்றார், திரும்பாமல்.

"உங்ககிட்ட வரணும்னு சொல்லிட்டே இருந்தாங்க. மண்டபத்துல எல்லார் முன்னாலயும் ஒண்ணு சொல்லணும்னாங்க."

"என்ன சொல்லணும்னாங்க?"

எனக்குத் தெரியும். நாக்கு நுனி வரை வந்தது. சித்தி ஈரக்கையை உயர்த்தித் தடுத்தார்.

"வேண்டாம், விடு. நீ சொன்னா அது நீ சொன்னதாத்தான் இருக்கும்."