எஸ்ஸுக்கு முன்னால் ஒரு சிவப்புப் பொட்டு

பேத்தி நகத்துக்குக் கியூட்டெக்ஸ் பூசத் தொடங்கினால் போதும், அந்த நெடிக்கு எனக்குச் சிரிப்பு வந்துவிடும். வட்டுக்கோட்டை வீட்டு முற்றமும், பலா மரத்தில் சாத்தியிருந்த, அப்பா தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து வைத்த பச்சைச் சைக்கிளும் அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். அக்காவுக்கும் எனக்கும் சேர்த்து வாங்கிய சைக்கிள் அது. சண்டை வரக்கூடாதென்று அப்பா அதன் செயின் கவரில் வெள்ளைப் பெயின்றால் ‘சிஸ்டர்ஸ்’ என்று ஆங்கிலத்தில் எழுதுவித்திருந்தார். சண்டையே அங்கேதான் தொடங்கியது. பள்ளிக்கூடத்தில், ஒரு பொருள் இன்னாருடையது என்று காட்ட ஆங்கிலத்தில் போடும் அப்போஸ்டிரபிக் குறியைப் படித்த அன்று அக்கா, கடைசி எஸ்ஸுக்கு முன்னால் சிவப்புக் கியூட்டெக்ஸால் பொட்டுப் போல அந்தக் குறியை வைத்து, “இப்ப இது ஒரு சிஸ்டரின்ரை. என்ரை,” என்றாள். எஸ்ஸுக்குப் பின்னால் வைத்தால் இரண்டு பேருக்கும் சொந்தம் என்பது எனக்கும் தெரியும். நான் அதைச் சுரண்டிவிட்டுப் பின்னால் வைப்பேன். விடிந்தால் அது மறுபடி முன்னால் இருக்கும். இப்படியே சுரண்டிச் சுரண்டி அந்த எஸ்ஸின் இரு பக்கமும் அம்மை போட்டது போலாகிவிட்டது.

ஒரு நாள் பின்னேரம் நாங்கள் கியூட்டெக்ஸ் போத்தலுக்கு இழுபறிப்பட்டுக்கொண்டிருக்க, முற்றத்தில் சைக்கிள் மணி கேட்டது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் தெரியாத அம்மா, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, பலாவைச் சுற்றித் தள்ளாடித் தள்ளாடிச் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தார்.

“பொட்டை எங்கை வைக்கிறதெண்டு ஆறுதலா முடிவெடுங்கோ பிள்ளையள்,” என்றார். “அதுவரைக்கும் இது என்ரை.”