வெண்டல் குசேராவின் கழுத்துக் கட்டி

வெண்டல் குசேரா புகையிலையைத் தொட்டவர் அல்லர். நெப்ராஸ்காவில் எங்கள் ஊர் மாட்டுச் சந்தையில் ஏலம் கூறுபவர் அவர், குரலே பிழைப்பு. கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொண்டு விலை கேட்போரை மேடையிலிருந்தே கடிந்துகொள்வார்.

சென்ற இலையுதிர் காலத்தில் அவருடைய கழுத்தின் வலப்புறம் கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி புறப்பட்டது. வலி இல்லை.

"என்னப்பா, மாட்டுக்கு வர்ற தாடைக்கட்டி உனக்கும் ஒட்டிக்கிச்சா? அடுத்த வாரம் உன்னையே ஏலத்துல ஏத்திரலாம்" என்றார் சந்தைக் கூட்டாளி டேல்.

"ஏத்து. எடைபோட்டு வித்தா வாங்க உன்கிட்ட காசு பத்தாது."

சிரித்தோம். மறுநாள் முதல் வெண்டல், கன்றுகளுக்கென்று வைத்திருந்த பெனிசிலின் ஊசியைத் தம் தொடையில் தாமே ஏற்றிக்கொள்ளத் தொடங்கினார். எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் வழக்கமாகச் செய்வதுதான், எவரும் தடுக்கவில்லை. கட்டி கரையவில்லை. பனி உருகிய பின்னரே அவர் மனைவி ஆர்டிஸ் அவரை ஓமகாவிலுள்ள மருத்துவமனைக்கு இழுத்துச் சென்றார். அண்டை வீட்டுக்காரனாகிய நான் வண்டியை ஓட்டினேன்.

சோதனை முடிவைக் கேட்க எங்கள் மூவரையும் மருத்துவர் உட்காரவைத்தார்.

"அடிநாக்குல புற்றுநோய். கழுத்துக்கு இறங்கியிருக்கு. புகையிலையால வந்ததில்ல, ஹெச்.பி.வி.ங்கிற வைரஸ்."

"பொம்பளைங்களுக்குக் கர்ப்பப்பை வாயில வருமே, அதுவா?" என்றார் ஆர்டிஸ்.

"அதேதான். உடலுறவுல பரவும், வாய் வழியாவும். முக்காவாசிப் பேருக்கு வந்துட்டுத் தானாப் போயிரும். சிலருக்கு மட்டும் பல வருஷம் சத்தமில்லாம உள்ளேயே இருக்கும். யார்கிட்டேர்ந்து, எப்ப வந்துச்சுன்னு சொல்லவே முடியாது. இந்த வகைக்குச் சிகிச்சை நல்லாக் கேக்கும்."

ஆர்டிஸ் கடைசி வாக்கியங்களைக் கேட்டதாகத் தெரியவில்லை. மடியிலிருந்த கைப்பையை எடுத்துத் தமக்கும் கணவருக்கும் நடுவே வைத்தார். திரும்பும்போது வண்டியின் பின் இருக்கையிலும் அந்தப் பை அப்படியே அவர்கள் நடுவில் இருந்தது.



"யாரு அவ?" என்றார் ஆர்டிஸ்.

"யாரும் இல்ல."

"சந்தை சந்தைன்னு ஊர் ஊராச் சுத்துனியே."

"மாட்டைத்தான் பார்த்தேன், ஆர்டிஸ்."

"கல்யாணத்துக்கு முந்தி?"

"நீதான் முதல். அதுக்கப்புறமும் நீதான். உனக்கே தெரியுமே."

ஆர்டிஸின் முகம் வெளிறியதைக் கண்ணாடியில் கண்டேன். சாலையை விட்டு விலகிய சக்கரத்தைத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

"எனக்கு ஒருத்தன் இருந்தான்" என்றார் அவர், மிகத் தாழ்ந்த குரலில். "லிங்கன்ல காலேஜ் படிக்கறப்ப. உன்கிட்ட சொன்னதே இல்ல. அப்ப நான் குடுத்ததா இது?"

சோளக் காடுகள் கடந்துகொண்டே இருந்தன.

"டாக்டருக்கே தெரியாதாம். உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் வெண்டல் கடைசியில். பிறகு, "அவன் மாடு வளர்க்கறானா?"

"பல் டாக்டர்."

"நல்லவேளை. நம்ம சந்தைக்கு வரமாட்டான்."

ஆர்டிஸ் சிரிக்கவில்லை. வெண்டல் நடுவில் இருந்த பையை எடுத்துத் தம் காலடியில் வைத்துக்கொண்டார்.