அருவியில் தண்ணீர் இல்லை என்று சொன்னவன்

ஜூன் பிறந்தால் எனக்குக் கடுகடுப்பும் பிறந்துவிடும். இலஞ்சியில் வீடு வைத்திருப்பவனுக்குக் குற்றால சீசன் என்பது சாரல் இல்லை, போன். வருஷம் முழுக்க நான் இருக்கிறேனா செத்தேனா என்று கேட்காதவர்களெல்லாம் தண்ணி எப்படி விழுது என்று கேட்பார்கள். இரண்டு பேர் வருகிறோம் என்று சொல்லிவிட்டு வேனில் வந்து இறங்குவார்கள். கொடியெல்லாம் ஈரத்துணி, தரையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. என் கட்டிலில் யாரோ ஒருவருடைய மாமனார் குறட்டை விடுவார். ஆபீஸ் போக ஒரு காய்ந்த துண்டு கிடைக்காமல் நான் வீட்டைச் சுற்றி அலைவேன்.

வாசலில் நின்று வாங்க வாங்க, நாலு நாள் இருந்துட்டுப் போங்க என்று பல்லைக் காட்டுகிறவனும் நான்தான். வேன் தெருமுனை திரும்பியதும் திட்டத் தொடங்குவேன். மனைவி ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்: "அவியளைச் சொல்லுதியளே, கூப்பிடுதது யாரு? ஒரு நாளாவது உங்களைப் பத்தி நீங்க யோசிச்சிருக்கியளா?" எனக்குச் சுள்ளென்று வந்தது. ஆபீசில் நடந்த பயிற்சி வகுப்பிலும் இதே பாட்டுதான், தினமும் பத்து நிமிடம் உங்களைப் பற்றி யோசியுங்கள் என்று. மற்றவர்களை நினைத்து எரிச்சல்படவே எனக்கு நேரம் போதவில்லை, இதில் என்னைப் பற்றி வேறு யோசிக்க வேண்டுமாம்.

போன வருஷம் ஒரு வழி கண்டுபிடித்தேன். யார் கேட்டாலும் தண்ணியே இல்லை, வெறும் பாறைதான் தெரியுது என்று சொல்லிவிடுவது. நாலு குடும்பம் வராமல் நின்றது. அந்த ருசியில், சிவகிரியிலிருந்து அக்கா கேட்டபோதும் அதையே சொல்லிவிட்டேன். அத்தான் போன பிறகு அவள் தனியாக இருக்கிறாள். அப்பா அம்மாவும் இல்லை. பிறந்த வீடு என்று அவள் சொல்லிக்கொள்ள என் வீடு ஒன்றுதான். சீசனுக்கு இரண்டு நாள் வருவாள், வந்தாலும் அடுக்களையில்தான் நிற்பாள். நான் பொய் சொன்ன அன்று பேரருவியில் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தொட்டுத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சரிலே என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தென்காசி பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். அவள் தெருப் பெண்கள் நாலைந்து பேரோடு நின்றாள். தலையில் ஈரம், கையில் ஈரத்துணிப் பை. குற்றாலம் வரைக்கும் வந்தவள், கூப்பிடு தூரத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வரவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே முந்திக்கொண்டு அந்தப் பெண்களிடம் சொன்னாள்: "தண்ணி இல்லைன்னு சொன்னானே, அந்த என் தம்பிதான். இன்னைக்குக் காலையிலதான் தண்ணி விழ ஆரம்பிச்சிருக்கும் போல, பாவம், அவனுக்கே தெரியாது."

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. என் மானத்தைக் காப்பாற்ற அவள் பொய் சொல்கிறாள். சிவகிரி வழியாகப் போகும் ராஜபாளையம் பஸ் வந்தது. வழியில் கடையநல்லூரில் இறங்கித் திரும்பிவிடலாம் என்று நானும் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். போன் தொல்லை, வேன், என் கெட்டிக்காரத்தனம், எல்லாவற்றையும் கொட்டினேன். சொல்லச் சொல்ல எனக்கே அற்பமாக இருந்தது. இந்த முறை சௌகரியப்படாது என்று ஒருத்தரிடமாவது நேராகச் சொல்லியிருக்கிறேனா? இல்லை. நல்லவன் என்ற பேரும் வேண்டும், ஆளும் வரக்கூடாது. இத்தனை வருஷமும் அடுத்தவர்கள் மேல் காட்டிய எரிச்சல் முழுவதும் என் மேல் வந்திருக்க வேண்டியது. சே, இதைப் புரிந்துகொள்ள அக்காவின் ஈரத் தலையைப் பார்க்க வேண்டியிருந்தது.

அக்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். தண்ணீர் விழுவது அவளுக்கு அன்றைக்கே தெரியுமாம். எல்லோரும்தான் வாட்ஸ்அப்பில் வீடியோ போடுகிறார்களே.

"இந்தத் தடவை வேண்டாம்க்கான்னு சொன்னா நான் என்ன கோவிச்சுக்கவா போறேன்?" என்றாள். "என்னையும் விருந்தாளி ஆக்கிட்டியேலே."

கடையநல்லூர் வந்தது. நான் இறங்கவில்லை.